பேரவைக் கேள்விக்கு வரைவு: நீலகிரிக்கு ஒதுக்கிய பணம், நிஜமாகச் செலவான பணம்

கட்டபெட்டு_இலை (இழையைத் தொடங்கியவர்)

மானியக் கோரிக்கை (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்துக்கு முன்னால் நம் பகுதி உறுப்பினரிடம் கொடுக்க, சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து ஒரு கேள்வித் தொகுப்பு தயாரிக்கிறோம். வரைவு இதுதான். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்க.

1. நீலகிரி மாவட்டத்துக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் கடந்த 3 ஆண்டுகளில் எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது?
2. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்குமா?
3. மண்சரிவு ஏற்படும் சாலைகளில் தடுப்புச் சுவர் கட்ட அரசு முன்வருமா?
4. டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) நிறுவனத்தை நட்டத்திலிருந்து மீட்க அரசு ஆவன செய்யுமா?
5. பனியில் கருகிய தேயிலைக்கு நிவாரணம் வழங்கப்படுமா?

---

மேசைமீது

கோபிக்காதீங்க. ஐந்தில் நான்குக்கு நானே இப்போது பதில் எழுதித் தந்துவிடலாம். "எடுத்து வருகிறது." "நிதிநிலைமைக்கேற்ப பரிசீலிக்கப்படும்." "கருத்துரு ஏதும் தற்போது அரசிடம் இல்லை." "விதிமுறைகளுக்கு உட்பட்டு வழங்கப்படும்." முடிந்தது. எடுக்குமா, முன்வருமா, ஆவன செய்யுமா என்று முடிகிற எந்தக் கேள்வியும் அமைச்சருக்கு மெத்தை. எண் கேட்டால்தான் துறை அதிகாரி கோப்பைத் திறக்கணும்.

இன்னொரு பொறி இருக்கிறது. (அ), (ஆ), (இ) என்று பிரித்து எழுதும்போது பெரும்பாலோர் இப்படி எழுதுவார்கள்: "(அ) இன்ன திட்டம் அரசிடம் உள்ளதா? (ஆ) ஆம் எனில், எப்போது நிறைவேற்றப்படும்? (இ) அதற்கான மதிப்பீடு என்ன?" (அ)-வுக்கு "இல்லை" என்று ஒரு சொல் வந்தால் போதும். மற்ற இரண்டுக்கும் "வினா எழவில்லை" என்று போட்டு மூடிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு உட்பிரிவும் தன் காலில் நிற்கணும். முந்தையதைச் சார்ந்து எழுதாதீங்க.

அடுத்தது யாரிடம் கேட்பது என்பது. தேயிலைக்கு மூன்று வாசல்.

தேயிலை வாரியம் 1953 தேயிலைச் சட்டத்தின் கீழ் வருவது, ஒன்றிய வணிகத் துறையின் கையில். அதைப் பற்றிப் பேரவையில் கேட்டால் "இது மாநில அரசின் பொறுப்பில் உள்ள பொருள் அல்ல" என்று வினாவே ஏற்கப்படாமல் திரும்பும். இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமும் அதன் இண்ட்கோ தொழிற்சாலைகளும் மாநிலத்தின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறைக்குக் கீழே. டேன்டீ அரசு நிறுவனம், ஆனால் வனத் துறைக்குக் கீழே. உங்கள் 2-ஆம் கேள்வியில் மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. வேளாண் துறைக்கு அனுப்பினால் அவர்கள் வணிகத் துறையைக் காட்டுவார்கள், அங்கே அனுப்பினால் மாநில அரசைக் காட்டுவார்கள்.

---

கருவூலக்காரர்

1-ஆம் கேள்வியில் தப்பு "ஒதுக்கப்பட்டது" என்ற சொல்லில் இருக்கிறது. ஒதுக்கீடு என்பது ஆண்டுத் தொடக்கத்தில் அச்சிடுகிற ஆசை. பணம் அதற்கப்புறம் ஐந்தாறு படி இறங்கணும்.

முதலில் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதாவது பி.இ. ஆண்டின் கடைசிப் பகுதியில் அதைத் திருத்தி ஆர்.இ. போடுவார்கள். பல திட்டங்கள் இங்கேதான் சத்தமில்லாமல் மெலியும். நடுவில் நிர்வாக ஒப்புதல் அரசாணை, பிறகு நிதி விடுவிப்பு அரசாணை, இரண்டும் வெவ்வேறு. பணிக்குத் தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி. கடைசியில் கருவூலத்தில் பட்டியல் பாஸ் ஆனால்தான் கணக்கில் செலவு.

அந்தச் செலவும் முழுசாக நிலத்தில் இறங்கியதாக அர்த்தம் இல்லை. மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் நிதி காலாவதி. அதனால் மாதக் கடைசியில் பணத்தை எடுத்து, செயல்படுத்தும் முகமையின் பி.டி. கணக்கில் போட்டுவிடுவது பழைய வழக்கம். கணக்குத் தலைப்பு 8443, சிறுதலைப்பு 106, தனிநபர் வைப்புகள். மலைப்பகுதிச் செலவுக்கான தலைப்பு 2551-இல் செலவு என்று ஏறிவிடும், பணம் மட்டும் 8443-இல் உட்கார்ந்திருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க. பி.இ. 10 கோடி. ஆர்.இ. 7 கோடி. விடுவித்தது 6.5 கோடி. செலவு 6.2 கோடி. அந்த 6.2-இல் மார்ச் கடைசி வாரத்தில் பி.டி. கணக்குக்குப் போனது 2.4 கோடி. அப்போ ஜூன் மழைக்கு முன் நிலத்தில் வேலையானது 3.8 கோடி. உங்கள் கேள்விக்குப் பதில் "10 கோடி ஒதுக்கப்பட்டது" என்றுதான் வரும். பொய்யும் இல்லை.

ஆகவே இப்படிக் கேளுங்க: "2551 மற்றும் 4551 ஆகிய பெருந்தலைப்புகளின் கீழ் நீலகிரி மாவட்டத்துக்கு, ஆண்டுவாரியாக, வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, விடுவித்த தொகை, உண்மைச் செலவு, மார்ச் 31 அன்று வைப்புக் கணக்கில் இருந்த இருப்பு, பயன்பாட்டுச் சான்றிதழ் வராத தொகை."

2551 என்பது மலைப்பகுதிகளின் வருவாய்ச் செலவு. 4551 அதே மலைப்பகுதிகளின் மூலதனச் செலவு. முதல் இலக்கம் 2 (சில துறைகளில் 3) என்றால் வருவாய்க் கணக்கு, 4 (அல்லது 5) என்றால் மூலதனம், 6 என்றால் அரசு கொடுத்த கடன். இது தெரிந்தால் அமைச்சர் உரையில் வருகிற "முதலீடு" என்ற சொல்லை உரசிப் பார்க்கலாம். சுவருக்கு வெள்ளையடிப்பது மூலதனம் ஆகாது.

ஒரு ஆறுதல்: நிதிநிலை ஏட்டில் எப்போதும் ஈராண்டுக்கு முந்தைய உண்மைச் செலவு, போன ஆண்டின் பி.இ., ஆர்.இ., வரும் ஆண்டின் பி.இ. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்று ஆண்டு ஏடுகளைக் கையில் வைத்தால் பாதிப் பதிலைக் கேட்காமலே எடுத்துவிடலாம். ஏட்டில் கிடைப்பதைக் கேள்வியாக்கி வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

---

சும்மா_வாசகன்

இத்தனை தலைப்பு எண் போட்டுக் கேட்டு என்ன ஆகப்போகுது? கேள்வி நேரம் ஒரு மணி நேரம். பட்டியலில் 15-வது இடத்தில் நம்ம கேள்வி இருந்தால் அது வரவே வராது. ஏட்டுச் சுரைக்காய்தான்.

---

மேசைமீது

பாதி சரி. அதனால்தான் எண் சார்ந்ததை நட்சத்திரக் குறியில்லாத வினாவாகப் போடணும். எழுத்தில் பதில் வரும், அட்டவணையும் வரும். நட்சத்திரக் குறியிட்ட வினா வாயால் பதில் வாங்குவதற்கு. அதில் உறுப்பினருக்கு இருக்கிற உண்மையான ஆயுதம் துணை வினா, அதாவது அமைச்சர் பதில் சொன்னதும் அவையிலேயே எழுந்து கேட்பது. அதை அச்சிடத் தேவையில்லை, அதிகாரிக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் அச்சில் எளிமையாக ஒரு எண் கேட்டுவிட்டு, கூரானதைத் துணை வினாவுக்கு ஒளித்து வைக்கணும். நம்ம ஆட்கள் எல்லாத்தையும் அச்சிலேயே கொட்டிவிட்டு, துணை வினா வரும்போது "நன்றி தெரிவித்து" அடுத்த ஊருக்குப் பேருந்து கேட்பார்கள்.

மக்களவையில் முறை இன்னும் தெளிவு. குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு. ஒரு நாளைக்கு நட்சத்திர வினா 20, குறியில்லாதது 230. தேயிலை வாரியம் பற்றிய கேள்வியை அங்கே குறியில்லாததாகப் போட்டால் பதிலும் இணைப்பு அட்டவணையும் நாடாளுமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி இருக்கும். நம் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றுதான் மலை மேலே. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. உறுப்பினரின் கேள்விப் பங்கில் பாதி சமவெளிக்குப் போவது இயல்பு. முன்கூட்டிப் போய்ப் பிடிக்கணும்.

கேள்வி நேரத்தை விட்டால் வேற வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மானியக் கோரிக்கையின்மேல் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். மக்களவை விதிப்படி மூன்று வகை: கொள்கையே தப்பு என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது; சிக்கனம் வேண்டி குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது; ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்ல அடையாளமாக 100 ரூபாய் குறைக்கச் சொல்வது. ஜெயிக்காது, ஜெயித்தால் அரசே கவிழ்ந்த மாதிரி. ஆனால் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும், அமைச்சர் பதிலுரையில் தொட்டாகணும். விவாதத்துக்கு நேரமில்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேற்றுகிற கோரிக்கைகளில் உங்கள் துறை மாட்டிக்கொண்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

அமைச்சர் அவையில் "செய்து தரப்படும்", "தகவல் சேகரித்து வழங்கப்படும்" என்று சொன்னால் அது உறுதிமொழி. அதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நாள், வினா எண் குறித்து வைத்து உறுப்பினர் மூலம் அந்தக் குழுவுக்கு எழுதணும். பல பேர் அவையில் வாங்கிய வாக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

---

சும்மா_வாசகன்

குழுக்கள் எல்லாம் சீசனுக்குச் சீசன் ஊட்டிக்கு வந்து ஆய்வு செய்துவிட்டுத்தான் போகுது. படகு இல்லத்தில் ஆய்வு பலமாக நடக்கும்.

---

மேசைமீது

வரட்டும். வரும்போது கையில் மனு கொடுங்க. மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, பொது நிறுவனங்கள் குழு மூன்றுக்கும் வேலை வேற வேற. டேன்டீ என்றால் பொது நிறுவனங்கள் குழு. தணிக்கை அறிக்கையில் வந்த பத்தி என்றால் பொதுக் கணக்குக் குழு. பணம் சிக்கனமாகச் செலவாகிறதா என்பதற்கு மதிப்பீட்டுக் குழு. மாற்றிக் கொடுத்தால் "உரிய குழுவுக்கு அனுப்பப்படும்" என்று போய்விடும்.

---

தடுப்புச்சுவர்

3-ஆம் கேள்வி. "தடுப்புச் சுவர் கட்ட முன்வருமா" என்றால் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்களா என்பதல்லவா கேள்வி?

முதலில் சாலை யாருடையது என்று பிரிங்க. மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை, கூடலூர் வழியாக குண்டல்பேட்டைக்குப் போவது தேசிய நெடுஞ்சாலை 181. பராமரிப்பது மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு, பணம் ஒன்றிய அமைச்சகத்துடையது. கோத்தகிரி வழியாக இறங்குவது மாநில நெடுஞ்சாலை 15. அதற்குள் போகிற கிராமச் சாலைகள் ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி. எஸ்டேட் வழியாகப் போகிற சாலை சில இடங்களில் யாருடையது என்று கேட்டால் மூன்று அலுவலகமும் வானத்தைப் பார்க்கும்.

பிறகு இப்படிக் கேளுங்க: "மாநில நெடுஞ்சாலை 15-இல் கடந்த 5 ஆண்டுகளில் கட்டிய ஒவ்வொரு தடுப்புச் சுவரின் கிலோமீட்டர் இடக்குறிப்பு, நீளம், உயரம், ஒப்பந்த மதிப்பு, முடிந்த தேதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி, எந்தக் கணக்குத் தலைப்பு." இடக்குறிப்பு என்பது 12/4 மாதிரி எழுதுவது, அதாவது 12-வது கிலோமீட்டர் தாண்டி 400-வது மீட்டர். பட்டியலை வரிசைப்படுத்தினால் போதும். அதே 12/4 ஒரு வருடம் 3054 சாலைப் பராமரிப்பிலும், அடுத்த மழைக்குப் பிறகு 2245 இயற்கைச் சீற்ற நிவாரணத்திலும் வந்தால், அங்கே சுவர் ஏன் நிற்கவில்லை என்பது துணை வினா. பொறுப்புக் காலத்துக்குள் விழுந்திருந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் கட்டணும். அரசு ஏன் மறுபடி பணம் கொடுத்தது என்பது அதற்கடுத்த துணை வினா.

ஏன் விழுகிறது? சுவர் மெலிதாக இருப்பதால் விழுவது குறைவு. பின்னால் தேங்கும் தண்ணீர்தான் தள்ளுகிறது. சுவரில் 100 மி.மீ. குழாய், 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றே சரிவாக வைக்கணும். சுவருக்குப் பின்னால் 60 செ.மீ. அளவுக்குக் கையால் அடுக்கிய கல் வடிகட்டி வேணும். வேலை நடக்கும் இடத்தில் இந்தக் கல்லைப் போடாமல், தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிடுவது எளிது. கல் சமவெளியிலிருந்து ஏறணும், ஏற்றுக்கூலி அதிகம். குழாய் மட்டும் வெளியே அழகாகத் தெரியும், உள்ளே சேறு அடைத்திருக்கும். மழை பெய்கிறபோது போய்ப் பாருங்க. சுவர் முகத்தில் குழாய் வழியே தண்ணீர் கொட்டினால் நல்ல சுவர். குழாய் காய்ந்திருந்து கல் இடுக்கில் கசிந்தால் அது அடுத்த பட்டியலில் வரும்.

செய்த வேலையை அளந்து பதிகிற அளவுப் புத்தகத்தில் வடிகட்டிக் கல் எத்தனை கன மீட்டர் என்று தனி வரி இருக்கும். நகல் கேட்டால் தெரிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கோட்டப் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாள். பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சட்டமன்றக் கேள்விக்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் உறுப்பினர் கையில் எண்ணோடு எழுந்து நிற்கலாம்.

---

மஞ்சூர்_கொழுந்து

விலைக்கு வருவோம். "கட்டுப்படியான விலை" என்பது எண் இல்லை. வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற சராசரி விலை எப்படி வருது என்பதைப் புரிந்துகொண்டு அதில் கேள்வி வைங்க.

2003 தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணைப்படி விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்பது பங்கு. தூளின் விற்பனை விலை கிலோ 120 ரூபாய் என்று வைங்க. அதில் 65 விழுக்காடு 78 ரூபாய். இப்போ ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ கொழுந்து? 4.5 கிலோ என்று எடுத்தால் கொழுந்து கிலோ 17.33. அதுவே 4.2 கிலோ என்றால் 18.57. வெறும் 300 கிராம் வித்தியாசத்துக்கு ஒன்றேகால் ரூபாய். ஆக, சண்டை 65-35-இல் மட்டும் இல்லை, கொழுந்தில் எத்தனை பங்கு தூளாகிறது என்ற அந்தப் பிழிதிறன் எண்ணில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரத்துக்கென்று எடைக் கழிவு வேற தனியாகப் பிடிக்கிறார்கள். பிழிதிறன் கணக்கில் ஈரம் ஏற்கெனவே வந்துவிட்டால் ஒரே தண்ணீருக்கு இரண்டு தடவை கழிக்கிற மாதிரி.

மக்களவைக்கு: "நீலகிரி மாவட்டத்துக்கு மாதவாரியாகப் பசுந்தேயிலைச் சராசரி விலையைக் கணக்கிட எடுத்துக்கொண்ட விற்பனை விலை, பிழிதிறன் விழுக்காடு, அறிவித்த விலைக்குக் குறைவாகக் கொடுத்த தொழிற்சாலைகள் எத்தனை, அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கை என்ன." பேரவைக்கு: "இண்ட்கோ தொழிற்சாலை ஒவ்வொன்றும் அதே மாதங்களில் உறுப்பினருக்குக் கொடுத்த விலை, பிழிதிறன், நிலுவைத் தொகை, அரசுப் பங்கு மூலதனம், கடன் நிலுவை."

---

கருவூலக்காரர்

மானியமும் சேர்த்துக் கேளுங்க. கிலோவுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி ஆண்டுக்கு 6,000 கிலோ கொழுந்து போட்டால் 12,000 ரூபாய். அதை யார் கணக்கில், எந்த மாதத்தில் செலுத்தினார்கள் என்பதே பெரிய கேள்வி. கூட்டுறவு உறுப்பினருக்கு மட்டும் என்றால், தனியார் வாங்கு இலைத் தொழிற்சாலைக்கு (விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்குவது) கொழுந்து போடுகிறவர் வெளியே நிற்கிறார்.

---

சும்மா_வாசகன்

கிலோவுக்கு 2 ரூபாய் கொடுத்தால் முற்றிய கரட்டு இலையும் சேர்ந்துதான் மூட்டையில் வரும். எடைக்குக் காசு, தரத்துக்குக் காசில்லை. அந்தத் தூள் ஏலத்தில் குறைந்த விலைக்குத்தான் போகும், அப்புறம் சராசரி விலை குறையும், அப்புறம் இன்னும் 2 ரூபாய் கேட்போம். இதைத்தான் கொள்கை என்கிறீங்களா?

---

மஞ்சூர்_கொழுந்து

நியாயமான பேச்சு, ஆனால் கொழுந்து எடுக்க ஆள் கிடைக்காத மலையில் இரண்டு இலை ஒரு மொட்டு என்று பேசுவது எளிது. கத்தரிக்கோலில் வெட்டினால் கரடு வரத்தான் செய்யும். கேள்வி என்னவென்றால், அதே பணத்தைத் தரத்தோடு கட்ட முடியுமா? நல்ல கொழுந்து விழுக்காடு இத்தனைக்கு மேல் என்றால் கூடுதல், கீழே என்றால் அடிப்படை விலை மட்டும். எண்ணிப் பார்க்கத் தொழிற்சாலை வாசலில் ஆள் வேணும், மாதிரி எடுத்துப் பதிவு செய்யணும், விவசாயி கண் முன்னாலேயே எண்ணணும். இல்லையென்றால் அது விவசாயியைக் கழிக்க இன்னொரு சாக்காகிவிடும்.

---

சும்மா_வாசகன்

விவசாயி கண் முன்னால் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

---

கருவூலக்காரர்

இண்ட்கோவில் ஒரு நுணுக்கம். அவை கூட்டுறவுச் சங்கங்கள், தணிக்கை செய்வது கூட்டுறவுத் தணிக்கை இயக்குநரகம். சங்கத்துக்கே தகவல் உரிமை மனு போட்டால் "நாங்கள் பொது அதிகார அமைப்பு இல்லை" என்று திருப்புவார்கள், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் காட்டுவார்கள். அதனால் அவர்களைக் கண்காணிக்கிற தொழில் வணிக ஆணையரகத்துக்கு மனு போடணும். 1983 கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 81-ஆம் பிரிவில் விசாரணை, 87-இல் தண்டத் தீர்வை, அதாவது சங்கத்துக்கு நட்டம் ஏற்படுத்தியவரிடமே வசூலிப்பது. "கடந்த 5 ஆண்டுகளில் 81-இன் கீழ் எத்தனை விசாரணை, 87-இன் கீழ் எவ்வளவு வசூலிக்க உத்தரவு, எவ்வளவு வசூல்" என்ற கேள்விக்குக் கடைசிப் பத்தியில் வருகிற எண் சுவாரசியமாக இருக்கும்.

டேன்டீ கம்பெனி. அதன் ஆண்டறிக்கையையும் தணிக்கைக் கருத்துரையையும் 2013 கம்பெனிகள் சட்டம் 395-ஆம் பிரிவுப்படி அவைமுன் வைக்கணும். "கடைசியாக எந்த ஆண்டின் அறிக்கை, எந்தத் தேதியில் வைக்கப்பட்டது" என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வரும். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கப் போட்ட தோட்டம் அது. 2022-இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது. "மீட்க ஆவன செய்யுமா" என்பதைவிட, ஒப்படைத்த பரப்பு எவ்வளவு, அங்கே வேலை செய்தவர்கள் எத்தனை பேர் எந்தக் கோட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள், ஓய்வு பெற்றவர்களுக்குப் பணிக்கொடை நிலுவை எவ்வளவு, வீடு காலி செய்யச் சொன்னது எத்தனை குடும்பம் என்று கேளுங்க. லாப நட்டக் கணக்கில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

---

பூம்பாறைப்பூண்டு

கொடைக்கானலிலிருந்து ஒரு குரல். உங்களுக்காவது மூணு தொகுதி. எங்க மலை பழனித் தொகுதிக்குள்ள. கீழே பழனி முருகன் கோயில், மேலே நாங்க. அடிவாரப் போக்குவரத்துதான் எப்பவும் முதல் கேள்வி.

2551-ஐ நீலகிரி என்று மட்டும் கேட்காமல் மாவட்டவாரியாகக் கேட்டால் எங்களுக்கும் கணக்கு கிடைக்கும். ஒரே கேள்வியில் இரண்டு மலை.

இன்னொன்று. 15-வது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு, மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிக்கிற சூத்திரத்தில் காடு, சூழலியலுக்கு 10 விழுக்காடு எடை கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு அந்த வகையில் வருகிற பங்கு நம்ம சோலைகளாலும்தானே? அது மலைக்குத் திரும்பி வருதா?

---

கருவூலக்காரர்

வராது. வரிப் பங்கு நிபந்தனையற்ற பணம், மாநிலத்தின் பொதுக் கஜானாவில் கலந்துவிடும். எந்த மரத்துக்கு எந்த ரூபாய் என்று பிரிக்க முடியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, கேட்கவேண்டிய இடம் வேற. மாநில நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்குப் பணம் பிரிக்கும்போது பெரும்பாலும் மக்கள்தொகையைத்தான் பார்க்கும். நீலகிரியில் மொத்தமே 35 ஊராட்சி, பரப்போ பெரிது, அதிலும் பாதிக்கு மேல் காடு. தண்ணீர்க் குழாய் ஒரு கிலோமீட்டர் போட மலையில் ஆகிற செலவும் சமவெளியில் ஆகிற செலவும் ஒன்றா? "மாநில நிதி ஆணையப் பரிந்துரையில் மலைப்பகுதிக்குத் தனி எடை உண்டா, எனில் எவ்வளவு, இல்லையெனில் காரணம் என்ன" என்று நிதி அமைச்சரைக் கேட்கலாம்.

---

மேசைமீது

"எனில்" வந்துவிட்டதே!

---

கருவூலக்காரர்

பிடித்துவிட்டீங்க. "பரப்பு, மலைப்பகுதி ஆகிய காரணிகளுக்குக் கொடுத்த எடை விழுக்காடு" என்று மாற்றிக்கொள்ளுங்க. பூஜ்யம் என்றாலும் பூஜ்யம் என்று எழுதித்தான் தரணும்.

---

தடுப்புச்சுவர்

5-ஆம் கேள்வி பனி. இதை யாரும் தொடவில்லை. அறிவிக்கப்பட்ட பேரிடர் பட்டியலில் மண்சரிவு மட்டுமல்ல, உறைபனியும் குளிர் அலையும் இருக்கிறது. ஆகவே "வழங்கப்படுமா" என்று கெஞ்சவேண்டியதில்லை, விதிமுறை இருக்கிறது. 2022-26 காலத்து விதிப்படி, பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டுக்கு மேல் என்றால் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதிகபட்சம் 2 ஹெக்டேர்.

சிக்கல் கணக்கெடுப்பில். தாழ்ந்த பள்ளத்தில்தான் குளிர்காற்று இறங்கித் தங்கும். ஒரே சர்வே எண்ணில் மேல் பாதி பச்சை, கீழ்ப் பாதி கருகல். சர்வே எண் முழுவதுக்கும் சராசரி போட்டால் 33-ஐத் தொடாது. அதோடு கருகிய செடி இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி துளிர்த்துவிடும். தாமதமாக வந்து பார்த்தால் சேதமே தெரியாது. அதனால் தேதி போட்ட படங்கள், சர்வே எண், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வாரத்துக்குள் மனு. கேள்வியில்: "கடந்த 3 பனிக்காலங்களில் கணக்கெடுத்த பரப்பு, கணக்கெடுத்த தேதி, 33 விழுக்காட்டுக்கு மேல் என்று சான்றளித்த பரப்பு, வழங்கிய தொகை." தேதியைக் கட்டாயம் கேளுங்க. பனி ஜனவரியில், கணக்கெடுப்பு ஏப்ரலில் என்று வந்தால் துணை வினா தானாகப் பிறக்கும்.

கூடவே ஒன்று. பேரிடர் நிதியில் 80 விழுக்காடு நிவாரணத்துக்கு, 20 விழுக்காடு தணிப்புக்கு என்று 15-வது நிதிக்குழு பிரித்துவிட்டது. சரிவதற்கு முன் வடிகால் வெட்டுவது தணிப்பு, சரிந்தபின் மண் அள்ளுவது நிவாரணம். நம்ம மாவட்டத்தில் தணிப்பு நிதியில் எத்தனை பணி என்று தனியாகக் கேளுங்க. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் கொட்டிய மாவட்டம் இது.

---

கட்டபெட்டு_இலை

எல்லாருக்கும் நன்றி. திருத்திய வரைவு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறைக்கு ஒன்றை முழுசாக எழுதியிருக்கிறேன், மற்றவை இதே பாணியில்:

"குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை அமைச்சர் அவர்கள் பின்வரும் வினாவிற்கு விடையளிப்பார்களா?
(அ) நீலகிரி மாவட்ட இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் கடந்த 3 ஆண்டுகளில் மாதவாரியாக உறுப்பினர்களுக்கு வழங்கிய பசுந்தேயிலை விலை, பிழிதிறன் விழுக்காடு, ஈரத்துக்கெனக் கழித்த எடை;
(ஆ) ஒவ்வொன்றிலும் மார்ச் 31 அன்று உறுப்பினர்களுக்கு இருந்த நிலுவை, அரசுப் பங்கு மூலதனம், அரசுக் கடன் நிலுவை;
(இ) மேற்படி நிலுவையை விரைந்து வழங்க அரசு நடவடிக்கை எடுக்குமா;
(ஈ) அதே ஆண்டுகளில் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப் பிரிவு 81-இன் கீழ் நடந்த விசாரணைகள், பிரிவு 87-இன் கீழ் உத்தரவிட்ட தொகை, வசூலான தொகை?"

2551, 4551 கேள்வி மாவட்டவாரியாக, பூம்பாறையாரும் எடுத்துக்கொள்ளலாம். சாலைக் கேள்வி மாநில நெடுஞ்சாலை 15-க்கு மட்டும். 181-ஐயும் வாரியத்தையும் மக்களவைக்குப் பிரித்துவிட்டோம்.

---

மேசைமீது

(இ)-யில் "எடுக்குமா" மறுபடி நுழைந்துவிட்டது. எடுத்துவிட்டு, நிலுவையில் 90 நாளைத் தாண்டியது எவ்வளவு என்று போடுங்க. (அ) மூன்று ஆண்டு, மாதவாரி, தொழிற்சாலைவாரி என்றால் அட்டவணை நீளும், "தகவல் திரட்ட ஆகும் உழைப்பு பயனுக்கு ஏற்றதல்ல" என்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்கிறீங்க. ஒரே ஓர் ஆண்டு போதும்.